நேரம் குறைந்தவர் தொடர்ந்து எழுதுவது எப்படி: மண்டபம் கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் வேலை. விசைப்படகுகள் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் நாள்கள் வாரத்தில் மூன்று. ஒவ்வொரு டோக்கன் நாளுக்கும் முந்திய மாலை தொடங்கி மறுநாள் வெயில் ஏறும்வரை, எந்தப் படகில் எத்தனை பார் (ஐஸ் கட்டி) ஏறியது, யாருக்கு ரொக்கம், யாருக்குப் பற்று என்று குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற நாள்களில் வீடு, பிள்ளைகளின் படிப்பு, தாயாரின் மருந்து. இவற்றுக்கு நடுவே இந்தக் கரையின் மீன், கடற்பாசி, காற்று, மனிதர் பற்றி மாதம் இரண்டு கட்டுரைகள் என்ற கணக்கில் 6 ஆண்டுகளாக எழுதி வெளியிட்டு வருகிறேன். நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்பவர்களிடம், கிடைக்கவில்லை என்றுதான் சொல்கிறேன். கிடைத்த துண்டு நேரத்தின் அளவுக்கு வேலையை வெட்டிக்கொண்டேன். அந்த வெட்டு எப்படிப்பட்டது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க இயலாதவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நாள்தோறும் இரண்டு மணி நேரம் மேசை முன் உட்காரக் கொடுத்து வைத்தவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

முதற்படி: ஒரு வாரத்தை அளந்து பாருங்கள்

எழுதத் தொடங்கும் முன் ஒரு வாரம் முழுவதும், எப்போதெல்லாம் சும்மா இருந்தீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்து வாருங்கள். எத்தனை நிமிடம் என்பதோடு, அந்த நிமிடங்களில் உங்களுடைய எந்த உறுப்பு ஓய்ந்திருந்தது என்பதையும் குறிக்க வேண்டும். நான் ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வழியாக மண்டபம் வரை பேருந்தில் வருகிறேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பயணம். ஒரு கை கம்பியில், மறு கை சாப்பாட்டுப் பையில். அங்கே மனம் மட்டும்தான் ஓய்ந்திருக்கும். கம்பெனியில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் 20 நிமிடங்களில் கையும் ஓய்ந்திருக்கும். ஆனால் எந்த நொடியிலும் யாராவது கூப்பிடலாம். கதவைச் சாத்திக்கொண்டு ஒருவரும் கூப்பிடாமல் உட்காரும் நேரம் மூன்றாம் வகை. என் முதல் வாரக் கணக்கில் மூன்று வகையும் சேர்ந்து 9 மணி நேரத்துக்கு மேல் வந்தது. அதில் மூன்றாம் வகை ஞாயிறு விடியற்காலை 1 மணி 10 நிமிடம் மட்டுமே.

பலர் தடுக்கி விழும் இடம் இது. மூன்றாம் வகை நேரம் மட்டுமே எழுத்துக்கு உரியது என்று எண்ணிக்கொண்டு, அது 1 மணி நேரம்தான் என்று தெரிந்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள். ஒரு கட்டுரைக்குள் இருக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கதவு சாத்தத் தேவையில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது, எங்கே தொடங்குவது என்னும் மூன்றையும் நான் பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே முடிவு செய்கிறேன். விவரம் கேட்பதும் சரிபார்ப்பதும் லாரிக்காகக் காத்திருக்கும்போது நடந்துவிடும். வாக்கியமாகக் கோத்து எழுதுவதற்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை போதும். உங்கள் தாளிலும் இந்த மூன்று வகைகளை மூன்று நிற மையால் பிரித்துவிட்டால், எந்த வேலையை எங்கே போடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: எல்லையைக் குறுக்குங்கள்

நான் முதன்முதலில் எழுத வந்தபோது, வடக்கே தொண்டி முதல் தெற்கே மூக்கையூர் வரை மாவட்டத்தின் கரை முழுவதையும் எழுதிவிடுவது என்று கிளம்பினேன். தேவிபட்டினத்து நவபாஷாணம் ஒரு வாரம், கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசல் மறு வாரம், வாலிநோக்கத்து உப்பளம் அதற்கடுத்த வாரம். ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. புதிய ஆள்களைத் தேட வேண்டியிருந்தது. புதிய பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று மாதத்தில் 7 கட்டுரைகள் எழுதினேன், பிறகு 11 மாதம் ஒரு வரியும் எழுதவில்லை. அப்போது சோம்பல் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். எல்லை அகலமாக இருந்ததுதான் நோய் என்பது பின்னால்தான் விளங்கிற்று.

இப்போது என் எல்லை மண்டபத்திலிருந்து பாம்பன் வரை. பொருள் மூன்று: மீன் வியாபாரமும் ஐஸும், பாசி எடுக்கும் பெண்கள், காற்றும் கடலும். எல்லை குறுகினால் ஒரு கட்டுரைக்காகச் செய்த உழைப்பு அடுத்த பத்துக் கட்டுரைகளுக்குச் சேமிப்பாக நிற்கும். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். மண்டபத்தில் நிற்பவனுக்கு இருபுறமும் கடல். பாக் விரிகுடாவை இங்குள்ளவர்கள் வடகடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழ். ஆகையால் நாட்டுப்படகுக்காரர்கள் பலர் பருவத்துக்கு ஏற்பக் கரை மாறுவார்கள். இந்த ஒன்றைச் சரியாகத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டுப் பேரிடம் பேச வேண்டியிருந்தது. இரண்டு மாதம் ஆயிற்று. ஆனால் அதன்பின் நண்டு விலை, கருவாடு காயவைத்தல், ஐஸ் தேவை, கடல் சீற்றத்தால் வேலை இழந்த நாள் என்று எதை எழுதினாலும் அந்த அறிவு அடியில் நிற்கிறது. மறுபடி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

எல்லை குறுகிவிட்டால் பொருள் தீர்ந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். ஐஸ் பாரின் விலை ஏறியதைப் பற்றி மட்டும் நான் 4 கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், நான்கும் வேறுவேறு.

மூன்றாம் படி: கரையின் ஆண்டோடு உங்கள் ஆண்டை இணையுங்கள்

எழுத்துக்குக் கால அட்டவணை போடுகிறவர்கள் வழக்கமாக வாரத்தை அலகாகக் கொள்கிறார்கள். வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பவருக்கு அது பொருந்தலாம். கடற்கரையில் அது செல்லாது. இங்கே ஆண்டுக்கு ஒரு நீண்ட தளர்வும் பல இறுக்கங்களும் உண்டு. அந்தப் பெரிய தளர்வு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகளும் நண்டுக் கம்பெனிகளும் ஐஸ் வாங்குவதால் எங்கள் வேலை முற்றிலும் நின்றுவிடாது. ஆனால் இரவுக் கணக்கு இல்லை. அந்த 61 நாள்களில் நான் 8 கட்டுரைகளுக்குக் குறையாமல் எழுதி வைத்துவிடுவேன். அவற்றில் நான்கைந்துதான் ஜூலைக்குள் வெளியாகும். எஞ்சியவை ஆண்டின் இறுக்கமான மாதங்களுக்கான கையிருப்பு.

உங்கள் தொழிலுக்கும் இப்படி ஒரு தளர்வு இருக்கும். ஆசிரியருக்குத் தேர்வுத்தாள் திருத்தி முடித்தபின் வருவது. முண்டு மிளகாய் போடுகிறவருக்குக் கடைசிப் பறிப்பு முடிந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும் மாதங்கள். பனை ஏறுகிறவருக்குப் பதநீர்ப் பருவம் ஓய்ந்தபின் வருவது. அதைக் கண்டுபிடித்து, அந்த மாதங்களில் எழுதிக் குவித்து, மற்ற மாதங்களில் செலவழியுங்கள். கருவாடு செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதோடு, பொருளுக்கும் பருவம் உண்டு என்பதை ஒரு தாளில் 12 கட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என் தாளில் பிப்ரவரிக் கட்டத்தில் பாம்பன் பாலம் இருக்கிறது; 1914 பிப்ரவரி 24 அன்று அது திறக்கப்பட்டது. ஏப்ரலில் புதிய பாலம்; 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தேர்த்தங்கல், சக்கரக்கோட்டைக் கண்மாய்களுக்கு வரும் பறவைகள். டிசம்பர் 22, 23 என்றால் 1964ஆம் ஆண்டுப் புயல், தனுஷ்கோடி. இத்தகைய நாள்களில் எழுத விரும்பினால் இரண்டு மாதம் முன்பே விவரம் சேர்க்கத் தொடங்கிவிட வேண்டும். அன்று காலையில் நினைவு வந்து எழுத உட்கார்ந்தால், எல்லாரும் எழுதும் அதே நான்கு பத்திகளைத்தான் நீங்களும் எழுதுவீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். புயல் நாளில் புயலைப் பற்றிப் பொதுவாக எழுதுவதற்கு ஆள் ஏராளம். தனுஷ்கோடியிலிருந்து ஓடிவந்த ஒரு குடும்பம் இன்றும் தண்ணீர் பிடிக்கும் பித்தளைக் குடத்தைப் பற்றி எழுத உங்களைத் தவிர ஆள் இல்லை. அதற்கு ஆகும் நேரமும் குறைவு.

நான்காம் படி: குறிப்பு எடுப்பது

நேரம் குறைந்தவரின் முதல் சொத்து குறிப்பேடு. எனினும் நீளமாகக் குறிப்பு எடுப்பவர்கள் அதைத் திரும்பப் படிப்பதில்லை என்பது என் அனுபவம். பாம்பன் சின்னப்பாலத்தில் ஒருநாள் காலை, பாசி எடுக்கக் கடலில் இறங்கவிருந்த ஓர் அம்மாளின் அருகில் உட்கார்ந்திருந்தேன். அவர் பழைய சேலைக் கிழிசலை எடுத்து, வலக்கைப் பெருவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாகத் துணி சுற்றினார். நுனியைப் பல்லால் இழுத்து முடிச்சிட்டார். பாறைக் கூர்மை விரலைக் கிழித்துவிடாமல் இருக்க இந்தக் காப்பு. மறு கைக்கு வந்தபோது, துணி சுற்றிய விரல்களால் முடிச்சிட வராமல், பக்கத்தில் இருந்த மகளிடம் கையை நீட்டினார். "நனைஞ்சு காயறதுக்குள்ள அடுத்த துணிய மாத்திக்கணும் தம்பி, காஞ்சா இறுக்கிப் பிடிக்கும்" என்றார். அன்று என் கைப்பேசியில் நான் தட்டிய குறிப்பு இவ்வளவுதான்:

"சி.பாலம், காலை 6.30. விரல்துணி. ஒரு கை தானே, மறு கை மகள். காஞ்சா இறுக்கும். கேட்க: ஒரு நாளைக்கு எத்தனை துணி?"

ஐந்தே துண்டுகள்: இடமும் நேரமும், கண்ணில் பட்ட பொருள், அதில் எதிர்பாராமல் நடந்தது ஒன்று, அவர் சொன்ன சொல் அவர் வாய்மொழியிலேயே, பின்னால் கேட்க வேண்டிய கேள்வி. இந்த ஐந்தும் இருந்தால் மூன்று வாரம் கழித்தும் அந்தக் காலையைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். மூன்றாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். விரலில் துணி சுற்றுவார்கள் என்பது இந்தக் கரையைப் பற்றிக் கேள்விப்பட்ட எவருக்கும் தெரியும்; மகளிடம் கையை நீட்டியது அங்கே உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டுமே தெரியும். கட்டுரை அதிலிருந்துதான் தொடங்கிற்று.

குரலில் பதிவு செய்பவர்களுக்கு ஒரு சொல். கரையில் காற்று ஒலிவாங்கியில் நேராக அடித்தால் பிறகு இரைச்சல்தான் கேட்கும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கைப்பேசியை மார்போடு அணைத்துப் பேசுங்கள். பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தினால் அன்றிரவே ஒருமுறை திருத்திவிடுங்கள். கரைச் சொற்கள் அதற்குப் பிடிபடுவதில்லை. நான் "கச்சான் விழுந்துச்சு" என்று சொன்னதை அது "கட்சி விழுந்துச்சு" என்று எழுதி வைத்திருந்தது. மூன்று வாரம் கழித்துப் படித்திருந்தால் தேர்தல் குறிப்பென்றே எண்ணியிருப்பேன்.

ஐந்தாம் படி: ஐஸ் தொட்டி முறை

என் எழுத்தைக் காப்பாற்றிய முறையை நான் எங்கிருந்தும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நாள்தோறும் கண்ணெதிரே நடப்பதைத்தான் எடுத்துக்கொண்டேன். ஐஸ் கம்பெனியின் உள்ளே தரைமட்டத்தில் ஒரு பெரிய உப்புநீர்த் தொட்டி இருக்கும். அம்மோனியா ஓடும் குழாய்கள் அந்த உப்புநீரை நல்ல தண்ணீர் உறையும் நிலைக்கும் வெகு கீழே குளிர்வித்துக்கொண்டிருக்கும். உப்பு இருப்பதால் அது உறையாது. தகரக் கேன்களில் நல்ல தண்ணீரை நிரப்பித் தொட்டிக்குள் வரிசையாக இறக்குவார்கள். கேனுக்குள் இருக்கும் தண்ணீர் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி உறைந்துகொண்டே வரும். 50 கிலோ பார் ஒன்று முழுதாக உறைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். எவ்வளவு அவசரமானாலும் அந்த நேரத்தைக் குறுக்க இயலாது; முன்கூட்டித் தூக்கினால் நடுவில் தண்ணீரோடு வரும், அந்தப் பாரைப் படகுக்காரர் தொடமாட்டார்.

அப்படியானால் இரவில் 20 படகுக்கு எப்படி ஐஸ் கொடுக்கிறோம்? தொட்டியில் உள்ள கேன்களை ஒரே நேரத்தில் நிரப்புவதில்லை என்பதால்தான். ஒரு வரிசை இப்போதுதான் நிரம்பியிருக்கும், ஒரு வரிசை பாதி உறைந்திருக்கும், ஒரு வரிசை தூக்கத் தயாராக இருக்கும். தூக்கிய வரிசையில் உடனே தண்ணீர் நிரப்பி மறுபடி இறக்கிவிடுவார்கள். ஒரு பாருக்கு ஒரு நாள் ஆனாலும், கிரேன் ஓய்வின்றிப் பார்களைத் தூக்கிக்கொண்டே இருக்கும்.

கட்டுரையும் இப்படித்தான். ஒரே கட்டுரையைக் குறிப்பிலிருந்து வெளியீடு வரை ஒரே மூச்சில் முடிக்க முயல்கிறவர், கேன் பக்கத்திலேயே உட்கார்ந்து அது உறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் தொட்டியில் எப்போதும் 4 கட்டுரைகள், நான்கு நிலைகளில் இருக்கும். ஒன்று வெறும் குறிப்பு. ஒன்று விவரம் சரிபார்க்கப்படுவது. ஒன்று முதல் வரைவு. ஒன்று திருத்தம். ஒரு முறை உட்கார்ந்தால் ஒரு கட்டுரையை ஒரு நிலைதான் நகர்த்துவேன், அதற்குமேல் அதைத் தொடமாட்டேன்.

பாசிக் கட்டுரை நகர்ந்த விதத்தைச் சொல்கிறேன். முதல் வாரம் மேலே காட்டிய குறிப்பு. இரண்டாம் வாரம், லாரிக்காகக் காத்திருந்த இரண்டு தடவைகளில், இரண்டு தொலைபேசி அழைப்புகள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி ஆகிய இரு பாசி வகைகளில் அன்று எடுத்தது எது என்பதும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றும் நாள்கள் அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் தெரிந்தன. அந்த வாரம் முழுவதும் பேருந்தில் நின்றபடி, கட்டுரையை எங்கே தொடங்குவது என்று மட்டும் யோசித்தேன். மூன்றாம் வாரம் ஞாயிறு விடியலில் 50 நிமிடத்தில் 400 சொற்கள் எழுதினேன். எழுதும்போது எதையும் தேடவில்லை, எவரையும் கேட்கவில்லை, ஏனென்றால் அது முந்திய வாரத்து வேலை. நான்காம் வாரம் வாய்விட்டுப் படித்து, சில சொற்களை வெட்டி, வெளியிட்டேன். மொத்தம் செலவான நேரம் 2 மணிக்கும் குறைவு. அதே நான்கு வாரங்களில் மற்ற மூன்று கட்டுரைகளும் ஒவ்வொரு நிலையாக நகர்ந்திருந்தன.

இம்முறையில் இரண்டு ஒழுங்குகளை மீறக் கூடாது. ஒன்று, வரைவு எழுதும் நேரத்தில் சரிபார்க்கப் போகாதீர்கள். ஒரு தேதி நினைவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு கோடிட்டுவிட்டு மேலே செல்லுங்கள். தேதியைத் தேடப் போனவன் திரும்பி வருவதற்குள் பிள்ளைகள் எழுந்துவிடும். இரண்டு, வரைவு எழுதிய அன்றே திருத்தாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் கிடக்கட்டும். நடுவில் தண்ணீர் இருக்கிறதா என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 350 முதல் 500 சொற்கள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் போகும் பொருளை இரண்டாகப் பிரியுங்கள். நீளமாக எழுதுவது நேரமுள்ளவர்களின் உரிமை. இந்த வழிகாட்டியையும் தடைக்காலத்தில்தான் எழுதுகிறேன்.

ஆறாம் படி: சரிபார்ப்பதில் குறுக்குவழி வேண்டாம்

நேரமில்லை என்பவர்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். நானும் கைவிட்டுப் பட்டிருக்கிறேன். தடைக்காலம் 45 நாள் என்று ஒரு கட்டுரையில் எழுதிவிட்டேன். என் இளவயதில் கேட்டுப் பழகிய கணக்கு அது, சரிபார்க்கவே தோன்றவில்லை. 2017 முதல் அது 61 நாள். வெளியான அன்று மாலையே ஒரு விசைப்படகு ஓட்டுநர் அழைத்தார். "அண்ணே, 45ன்னு போட்டிருக்கீங்களே, மிச்சம் 16 நாளைக்கு நீங்க சோறு போடுறீங்களா?" என்றார். ஆண்டுதோறும் தடைக்காலத்தின் பலனை அனுபவிப்பவன் அதன் அளவைத் தப்பாக எழுதினேன். நன்றாகத் தெரிந்தது என்று நாம் நினைப்பதில்தான் பிழை ஒளிந்திருக்கிறது. ஆகவே தெரியாததைக் காட்டிலும் தெரிந்ததை முதலில் சரிபாருங்கள்.

குறைந்த நேரத்தில் இதைச் செய்ய, வரைவில் உள்ள ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் ஓர் எழுத்துப் போடுகிறேன். நான் கண்டது "க", ஒருவர் சொன்னது "சொ", அச்சில் உள்ளது "அ". "க" என்பதற்குச் சோதனை வேண்டாம். "சொ" என்றிருந்தால் கட்டுரையிலும் "என்றார்" என்றே இருக்க வேண்டும். அதை நானே கண்டது போல எழுதக் கூடாது. "அ" என்றிருந்தால் இன்னோரிடத்திலும் அதே செய்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த எழுத்தும் போட முடியாத செய்தி இருந்தால் அதை வெட்டிவிடுங்கள், தேடிக்கொண்டிருக்காதீர்கள். வெட்டுவதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

எழுதப்படுகிறவர்களின் பாதுகாப்பும் சரிபார்ப்பில் அடங்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவுக்குள் வந்துவிட்டன. அவற்றைச் சுற்றிப் பாசி எடுப்பதில் கெடுபிடிகள் உண்டு. ஒரு பெண்ணின் பெயரையும் முகத்தையும் அவர் எந்தத் தீவருகே எந்த நேரத்தில் இறங்கினார் என்பதையும் சேர்த்து வெளியிட்டால், நம் கட்டுரைக்கு அழகு, அவர் பிழைப்புக்குக் கேடு. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுத் திரும்பிய மீனவர்களைப் பற்றி எழுதும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். பெயரை விடுங்கள், ஊரைப் பொதுவாக்குங்கள், எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். அவசரத்தில் செய்த எழுத்துப்பிழையைத் திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்த வழி கிடையாது.

ஏழாம் படி: கருவிகள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. கைப்பேசி ஒன்று போதும். தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழகிக்கொள்ளுங்கள். பத்து நாள் எரிச்சலாக இருக்கும், பிறகு ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்குவதைவிட விசை குறையும், வேகம் கூடும். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரே கோப்பு. அதன் பெயரின் முதலெழுத்து அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டட்டும். படம் ஒன்று போதும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பாரைக் கேனிலிருந்து கழற்ற நீரில் அமிழ்த்தும் தொட்டிக்குள் என் கைப்பேசி ஒருமுறை சட்டைப்பையிலிருந்து விழுந்து, 9 குறிப்புகள் அதனோடு போயின. அதிலிருந்து சனிக்கிழமை தவறுவதில்லை.

எட்டாம் படி: வெளியிடும் ஒழுங்கு

வாரம் ஒன்று என்று அறிவித்துவிட்டு மூன்றாம் வாரத்தில் மறைந்துபோவதைவிட, மாதம் ஒன்று என்று தொடங்குங்கள். நான் ஆங்கில மாதம் 1, 16 ஆகிய தேதிகளில் வெளியிடுகிறேன். கையிருப்பில் முடிந்த கட்டுரைகள் மூன்றுக்குக் குறைந்தால் புதிய குறிப்பு எடுப்பதை நிறுத்தி, தொட்டியில் இருப்பவற்றை முடிக்கிறேன். கையிருப்பு ஐந்தைத் தாண்டினால் ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறேன். நன்றாக வந்த ஒரு கட்டுரையை உடனே காட்டிவிட வேண்டும் என்ற ஆவல் எழும். கொஞ்சம் பொறுங்கள், அதன் தேதி வரட்டும். படித்தவர்கள் சொல்லும் திருத்தங்களை ஒரு தாளில் சேர்த்து வைத்து, வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கி ஒரேயடியாகச் செய்யுங்கள். உடனுக்குடன் செய்யத் தொடங்கினால் முதலாம் வகை, இரண்டாம் வகை நேரம் எல்லாம் அதற்கே கரைந்துவிடும்.

ஒன்பதாம் படி: விட்டுப்போனால்

விட்டுப்போகும். தாயார் மருத்துவமனையில் இருந்தபோது 10 வாரங்கள் நான் எதையும் எழுதவில்லை. கையிருப்பு முதல் ஆறு வாரங்களைத் தாங்கிற்று, பிறகு வெறுமை. திரும்ப வரும்போது பலர் செய்யும் தவறு, இடைவெளியை ஈடுகட்டப் பெரிதாக ஒன்று எழுத உட்காருவது. அது முடியாமல் இன்னொரு மாதம் போகும். என் வழக்கம், 100 சொல்லில் ஒன்றை எழுதி வெளியிட்டுவிட்டு, மறுநாளே தொட்டியில் இரண்டாவது கேனை இறக்குவது. அந்த நூறு சொல்லில் ஏன் வரவில்லை என்ற விளக்கம் வேண்டாம். அன்று கரையில் கண்ட ஒன்றைச் சொல்லுங்கள். நான் எழுதியது, மழைக்குப் பயந்து தார்ப்பாய் போட்டு மூடிய கருவாட்டின்மேல் குறுக்கே நடந்து சென்ற ஒரு கோழியைப் பற்றி.

இடைவெளியின்போது பழுதாகிப்போன குறிப்புகளைத் தூக்கிச் சுமக்காதீர்கள். பருவத்தோடு ஒட்டியவற்றை, அவற்றின் மாதம் கடந்திருந்தால், 12 கட்டத் தாளில் அடுத்த ஆண்டின் அதே மாதத்தில் எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். விலை, கூலி, கட்டணம் பற்றியவற்றை அழித்துவிடுங்கள். அவை அடுத்த ஆண்டு பொய்யாகிவிடும். ஒருவர் சொன்ன சொல் மட்டுமே உள்ள குறிப்பாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அது கெடாது.

இதை எழுதும் இன்று தடைக்காலத்தின் 40ஆவது நாள். என் தொட்டியில் முதல் கேனில் வலை பின்னும் ஒரு தாத்தா சொன்ன ஒற்றை வாக்கியம் இருக்கிறது. இரண்டாவதில் தேர்த்தங்கல் கண்மாய். இரண்டு பறவைப் பெயர்கள் இன்னும் சரிபார்க்கப்பட வேண்டும், ஐப்பசிக்குத்தான் தேவை. மூன்றாவதில் மத்தியும் சாளையும் ஒரே மீன் என்று ஒரு வியாபாரியிடம் வாதாடித் தோற்ற கதை, பாதி எழுதியபடி. நான்காவது, தடை முடிந்து முதல் டோக்கன் கிடைக்கும் இரவைப் பற்றியது. அதை ஜூன் 14க்குள் திருத்தி முடித்துவிட வேண்டும். அன்று மாலை முதல் எனக்குப் பார் எண்ணும் வேலை தொடங்கிவிடும்.